நடுச்சுவரில் ஒரு கதவு

மரத்தில் மணல்தாள் போடுகிற சத்தம். ஆசாரிமார் விளக்கு வைக்கிற நேரத்துக்கே கைகால் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்களுடைய சாக்குப்பை ஹாலில் சுருண்டு கிடக்கிறது, இழைப்புளியும் உளியும் அதற்குள்தான் இருக்கின்றன, இப்போதுதான் அதைத் தாண்டி வந்தேன். பிறகு யார் தேய்ப்பது. மேலிருந்து கீழாக ஒரு நீளமான இழுப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை, சரி, எலியாக இருக்கும், மூச்சை விடலாம் என்று நினைக்கும்போது இன்னொரு இழுப்பு, இந்தத் தடவை கொஞ்சம் கீழே. எலி இப்படி நிதானமாக, இடம் பார்த்துத் தேய்க்காது. புதுக்கதவின் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நானும் அனெட்டும். பத்து மாதப் பிள்ளைக்கு என்ன தெரியும், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு பாயில் மல்லாந்து தூங்குகிறாள், மேலுதட்டில் பால் காய்ந்து ஒரு வெள்ளைக் கோடு. எங்கள் படுக்கையறை அலமாரிக்கு இன்று பாலிஷ் அடித்திருக்கிறார்கள், அந்த நெடியில் பெரியவர்களுக்கே கண் எரிகிறது, அதனால் இன்று மட்டும் சின்ன ரூமில் படுத்துக்கொள் என்று பெர்க்மான்ஸ் சொல்லிவிட்டுப் போனார். கப்பல் வந்திருக்கிறது. கப்பல் வந்தால் சரக்கு இறங்கி முடிகிற வரைக்கும் அவர் என் புருஷன் இல்லை, துறைமுகத்தின் ஆள். வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், திரும்பி வரும்போது மணியடித்துப் பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று. ஆக வாசல் பக்கம் பயமில்லை. பயம் இந்தக் கதவுதான். இன்று மதியம்தான் மாட்டினார்கள். கதவுக்கு என் பக்கம் ஒரு முழ நீளத்துக்குத் தாழ்ப்பாளும் வைத்திருக்கிறார்கள், பித்தளை, புதுசு, அதில் சுற்றி வந்த காகிதத்தைக்கூட இன்னும் முழுசாக உரிக்கவில்லை. எழுந்து போய் அதை இழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும். நான் போகவில்லை.

போடாதே என்று பெர்க்மான்ஸ் சொல்லவில்லை. அவர் எதையும் செய்யாதே என்று சொல்கிற ஆள் இல்லை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "முத நாளே தாழ் போட்டா அண்ணன் மனசுல என்ன நினைப்பாவ கொன்சி, சேந்து இருக்கத்தான சுவர இடிச்சிருக்கோம்" என்றார், அவ்வளவுதான். அவ்வளவு போதும் எனக்கு. சொல்லாத கட்டளைக்குத்தான் நான் அதிகம் பணிவேன், கன்னியர் மடத்துப் படிப்பு அப்படி. ஹாஸ்டலில் எங்கள் குளியலறைக் கதவுகளுக்குக் கொண்டி கிடையாது. வாளியை உள்ளே கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு காலால் அதை மிதித்தபடி குளிக்க வேண்டும், யாராவது தள்ளினால் வாளி நகரும், தண்ணீர் சிந்தும், அதுதான் எச்சரிக்கை. வார்டன் சிஸ்டர் சொல்வார்கள், நல்ல பிள்ளைக்கு மறைக்க என்ன இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்கிற பெண்ணோடு இன்னொரு ஆளும் உள்ளே இருக்கிறான், அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும். சாத்தான் என்று சொல்லக்கூட வாய் வராமல் நாங்கள் சிலுவை போட்டுக்கொள்வோம். அப்பா வீட்டில் அறைகளுக்குத் திரைச்சீலை. இங்கே கல்யாணமாகி வந்த பிறகும் படுக்கையறைக் கதவைத் தாழ் போடுவது பெர்க்மான்ஸ்தான், நான் சுவர் பக்கம் திரும்பி நிற்பேன். யோசித்துப் பார்த்தால் இந்த வயசு வரைக்கும் ஒரு கதவை உள்ளேயிருந்து என் கையால் நான் பூட்டியதே இல்லை. இது என்ன யோசனை. பிள்ளை புரள்கிறாள். இல்லை, விரல் மட்டும் அசைகிறது. சத்தம் நின்றுவிட்டது. நின்றுவிட்டால் நல்லதா கெட்டதா, தேய்க்கும்போதாவது கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

மெட்டில்டா அக்காவின் கைதான். வேறு யாருடைய கையாக இருக்கும், கதவுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஹால், அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், பெர்க்மான்ஸின் அண்ணன் இன்னாசி அத்தானும் அவர் பெண்டாட்டி மெட்டில்டா அக்காவும். ஒரே மாடியில் அடுத்தடுத்து இரண்டு ஃபிளாட், நடுவில் ஒரு சுவர், நாலு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கிறேன், எங்கேயோ ஒரு இடத்தில் நூல் அறுந்துபோகிறது. பேச்சை எடுத்தது அத்தான், அது நிச்சயம். அனெட்டுக்கு ஞானஸ்நானம் முடிந்து எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மெல்லத்தான் சொன்னார், அவர் எப்போதும் மெல்லத்தான் பேசுவார், "எதுக்குத் தம்பி ரெண்டு வாசல், ரெண்டு அடுப்பு, சுவர எடுத்துட்டா ஒரே வீடுதான, பிள்ளை ஓடி விளையாட எடம் கெடைக்கும்." பெர்க்மான்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன்தான் அவரைப் படிக்க வைத்தது, ஐஸ் கம்பெனியில் ராத்திரி பகலாக நின்று. ஆனால் அத்தானின் வாயில் அந்தப் பேச்சை வைத்தது யார். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளை ஓட இடம் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும். அன்றைக்கு அக்கா இலையிலிருந்து நிமிரவே இல்லை. ஒரு எலும்பை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி. அவ்வளவு சம்பந்தமில்லாத மாதிரி இருக்க வேண்டுமென்றால் எவ்வளவு முன்யோசனை வேண்டும்.

அப்புறம் டிசைனர் வந்தாள், ஷாமிலி, நாகர்கோவில் பிள்ளை, ஜீன்ஸும் கையில் சிவப்புப் புள்ளி விழுகிற அளவுக்கருவியுமாக, இரண்டு வீட்டையும் ஒரு நாள் முழுக்க அளந்தாள், அந்தச் சிவப்புப் புள்ளி சுவரில் ஓடுவதைப் பிடிக்க அனெட் தவழ்ந்து தவழ்ந்து போனாள். முதல் வரைபடத்தில் கதவே இல்லை. என்னுடைய சின்ன ரூம் பிள்ளையின் ரூம், அதன் பின்சுவரில் ஒரு வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் அத்தான் வீட்டு ஹால், அவ்வளவுதான், காற்று மாதிரி போகலாம் வரலாம். அத்தான் அப்படித்தான் கேட்டிருந்தார், வீட்டுக்குள்ளே எதற்குக் கதவு என்று. வரைபடத்தை எங்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அக்கா பேசியது. நாலு வருஷத்தில் அத்தான் சொன்ன ஒன்றுக்கு மாற்றாக அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. "கதவு வேணும்" என்றார்கள். அத்தான் சிரித்தார். "யாருக்கும்மா கதவு, நமக்குள்ளயா?" அக்கா அவரைப் பார்க்காமல் ஷாமிலியைப் பார்த்து, "பிள்ளை ரூம்ல ஏசி போடுதாவ, குளிர் வெளிய போயிரும், கதவு வைங்க" என்றார்கள். நியாயமான பேச்சு. எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரைபடத்தில் சுவரில் ஒரு இடைவெளி, அதிலிருந்து ஒரு கோடு, கோட்டின் நுனியிலிருந்து கால்வட்டமாக ஒரு வளைவு. இது என்ன என்று ஷாமிலியைக் கேட்டேன். "கதவு திறக்கிற பக்கம் மேடம், ரூமுக்குள்ள திறக்கும், தாழ்ப்பாளும் ரூமுக்குள்ளதான், ஆன்ட்டி அப்படித்தான் கேட்டாங்க." ஆன்ட்டி எப்போது கேட்டார்கள், யாரும் இல்லாதபோது போனில் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நான் அந்தக் கால்வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் ரூமுக்குள். எங்கள் வீட்டுக்குள் போகிற பழைய கதவுக்கும் தாழ்ப்பாள் ரூமுக்குள்தான். அப்படியென்றால் இந்த ரூமுக்குள் பிள்ளையோடு இருக்கிற ஆள் இரண்டு கதவையும் போட்டுக்கொள்ளலாம், என்னையும் வெளியே வைக்கலாம், எல்லாரையும் வெளியே வைக்கலாம். பிள்ளையும் அந்த ஆளும் மட்டும். இதை பெர்க்மான்ஸிடம் சொன்னபோது அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று.

பிள்ளை பெற்ற பயம் என்கிறார்கள் இதை. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார்கள், சில பேருக்கு ஒரு வருஷம்கூட இருக்குமாம், தூக்கம் வந்தால் சரியாகிவிடுமாம். பால் புரையேறிவிடுமோ, மின்விசிறி கழன்று விழுமோ, தூக்கத்தில் நானே மேலே புரண்டுவிடுவேனோ, ஆமாம், இதெல்லாம் எனக்கு வந்தது, அதற்காக எல்லாமே அந்தக் கணக்கில் போய்ச் சேருமா. சாயங்காலம் கீழே அத்தானின் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் அக்கா இந்த வீட்டில் வந்து நிற்பது என் பயமா, கண்ணால் பார்ப்பது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் வந்து, "இங்க கொண்டா அவள" என்று வாங்கிக்கொள்வார்கள், மூலையில் இருக்கிற மோடாவில் உட்கார்ந்துகொள்வார்கள், கதவுக்கு முதுகு காட்டி, பிள்ளையை நெஞ்சோடு இறுக்கி. அத்தான் ஒரு தடவை கூப்பிட வேண்டும், இரண்டாவது தடவை கூப்பிட வேண்டும், பிறகுதான் எழுந்திருப்பார்கள், பிள்ளையை என்னிடம் தரும்போது கை அவ்வளவு சீக்கிரம் விடாது, ஒவ்வொரு விரலாகப் பிரிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் அனெட்டின் உச்சியில் அவர்களுடைய பவுடர் வாசனை. கன்னம் ஈரமாக இருக்கும். இவ்வளவு முத்தம் எதற்கு என்று நான் முந்தானையால் அழுத்தித் துடைப்பேன், சிவக்கிற அளவுக்கு. ஞானத்தாய் என்ற உரிமை இருக்கிறது, கோயிலில் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் பிள்ளையை ஏந்தி நின்றது அவர்கள் கைதான், சாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம் பிள்ளைக்குப் பதிலாக பதில் சொன்னது அவர்கள் வாய்தான். தாய் தகப்பன் இல்லாத காலத்தில் ஞானத்தாய்தான் தாய் என்று சாமியார் விளக்கம் சொன்னபோது நான் மட்டும் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரை இடித்த அன்றைக்கு முதல் செங்கல் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் விழுந்தது. தூசி அடங்க நேரமாயிற்று. ஒரு செங்கல் அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குள் அவர்களுடைய ஹால் வெளிச்சம், மாதா படம் போட்ட காலண்டரின் ஒரு மூலை, பிறகு அதை மறைத்துக்கொண்டு அக்காவின் முகம். இவ்வளவு கிட்டே வந்து நிற்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணும் மூக்கின் ஒரு பகுதியும்தான் தெரிந்தது. பார்த்தார்கள். என்னை இல்லை, எனக்குப் பின்னால் இந்த ரூமை, சுவர், ஜன்னல், தரை, ஒவ்வொன்றாக. நாள் கணக்கில் பட்டினி கிடந்த ஆள் அடுத்தவர் இலையைப் பார்க்கிற பார்வை. நான் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன், அவள் இமையெல்லாம் செங்கல் தூள். அந்தப் பார்வையை நான் பெர்க்மான்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி நெற்றியில் கை வைப்பார்.

மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது இன்னும் கீழே, தரையை ஒட்டி. மணல்தாள் இல்லை, உள்ளங்கை. காய்ந்த உள்ளங்கை மரத்தில் உரசினால் இப்படித்தான் இருக்கும். இன்னும் பாலிஷ் ஏறாத பச்சை மரம், சிராய் குத்தும், குத்தட்டும். தட்ட வேண்டியதுதானே, நல்ல எண்ணத்தோடு வருகிறவள் தட்டுவாள், கூப்பிடுவாள், இந்நேரத்துக்குக் கூப்பிட்டால் என்ன, கீழே தள்ளுவண்டிக்காரன் முட்டை பொரிக்கிற சத்தமே இன்னும் கேட்கிறது. தட்டாமல் தடவுகிறவள் நான் தூங்கிவிட்டேனா என்று பார்க்கிறாள். தூங்கிவிட்டால் கதவைத் தள்ளினால் போதும். போனை எடுத்துப் போர்வைக்குள் வைத்து பெர்க்மான்ஸைக் கூப்பிட்டேன். பின்னால் கிரேன் சத்தம், யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் வைகிறார்கள். "என்ன கொன்சி, பிள்ளை தூங்கியாச்சா?" "கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு." "அந்தப் பக்கம் ஆள் இல்லாம மாடா இருக்கும், அது அவிய வீடு." "கதவத் தடவுதாவ. அக்காதான்." "மைனிக்குத் தூக்கம் வராது, நடந்துக்கிட்டு இருப்பாவ, அண்ணன் எங்கிட்டச் சொல்லியிருக்காவ. பாவம்டி. புதுக் கதவ ஆசையா தொட்டுப் பாத்திருப்பாவ." "நான் தாழ் போட்டுக்கிடுதேன்." "போட்டுக்கோ, உனக்குப் பயமா இருந்தா போட்டுக்கோ" என்று அவர் சொன்ன விதத்தில், போட்டால் நாளைக்கு அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது முழுசாக இருந்தது. "வெச்சிரட்டா? ஏய், கயிற இழுங்கப்பா." வைத்துவிட்டார். பாவமாம். எல்லாருக்கும் அவர்கள் பாவம். பிள்ளையில்லாதவள் பாவம், தூங்காதவள் பாவம், போன மாதம் இரண்டு ஞாயிறு பூசைக்கு வராமல் கன்னம் வீங்கி வீட்டில் கிடந்தாள், பல் வலியாம், அப்போதும் பாவம். பாவம் என்று ஒருத்தியைப் பார்த்து எல்லாரும் சொல்ல ஆரம்பித்துவிட்டால் பிறகு அவள் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் பெர்க்மான்ஸ் சொல்வார், கொன்சி, நமக்கு இன்னொன்று பிறக்கும், நாம் என்ன வேறு வேறு வீடா. சுவர்கூட இல்லையே.

அத்தானிடம் சொல்லலாம். இது ஏன் இத்தனை நேரம் தோன்றவில்லை. அந்த வீட்டில் எனக்குப் புரிகிற ஒரே ஆள் அவர்தான். காலையில் ஐஸ் கம்பெனியிலிருந்து வரும்போது விளமீனோ ஊளியோ, செவுளைத் தூக்கிக் காட்டி, "பாரு பிள்ள, உசுரோட இருக்கு" என்று என் கையில்தான் தருவார். பிரசவத்தில் ரத்தம் வேண்டும் என்றபோது கம்பெனி ஆட்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவர். கோயிலில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும் அத்தான் எழுந்து நின்றால் போதும், சத்தம் போட மாட்டார், குரலை இன்னும் தாழ்த்துவார், அதைக் கேட்பதற்காகவே எல்லாரும் அடங்குவார்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாலு வருஷத்தில் ஒரு சண்டைச் சத்தம் கேட்டதில்லை. அவர் வந்து, மெட்டில்டா, வா, வந்து படு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாழ்ப்பாளும் வேண்டாம், யார் மனசும் கோண வேண்டாம், காலையில் யாருக்கும் தெரியக்கூட வேண்டாம். எனக்கு என் புத்தியை நினைத்துச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் எண்ணைத் தேடி அழுத்தினேன். அந்தப் பக்கம் தூரத்தில், உள் ரூமில், போன் அடிப்பது சுவர் வழியாகவே எனக்குக் கேட்டது. கதவில் உரசல் சட்டென்று நின்றது. அப்படி நின்றது எனக்குப் பிடித்திருந்தது. "சொல்லு பிள்ள" என்றார், தூக்கக் குரல் இல்லை. "அத்தான், ஒண்ணுமில்ல, அக்கா எங்க?" "உங்கக்காவா, ரூம்ல போய் எப்பவோ படுத்தாச்சு. ஏன்?" இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். "இல்ல அத்தான், எங்க சின்ன ரூம் கதவுல கை வெச்சுத் தேய்க்கிற சத்தம் கேக்கு, ரொம்ப நேரமா, அக்காதானோன்னு. பிள்ளை முழிச்சிருவாளோன்னு பயமா இருக்கு." அவர் மூச்சு விடுவது கேட்டது. "அங்கயா இருக்கா" என்றார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை, தேடிக்கொண்டிருந்த ஒரு பொருள் இருக்கிற இடம் தெரிந்துவிட்ட மாதிரி. பிறகு, "நல்லது பிள்ள, நீ படு" என்று வைத்துவிட்டார்.

தேடிக்கொண்டிருந்தாரா. ரூமில் படுத்தாச்சு என்றாரே. படுத்துவிட்ட ஆளை எதற்குத் தேட வேண்டும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், அதன் வெளிச்சம் அணைந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறார்கள், தரையில் டைல்ஸ் மாற்றுவதற்காக, அந்த இடைவெளியிலிருந்து குரல் வந்தது, தரையில் கன்னத்தை வைத்துப் பேசுகிற குரல். "கொன்சி. அவியட்டச் சொல்லிட்டியா?" நான் போனைப் பாயில் வைத்தேன். "தட்டுனா அவியளுக்குக் கேட்டுரும்னுதான் தட்டல. நீயா வந்து பாப்பன்னு நினைச்சேன்." அந்த வீட்டின் உள்ளே ஒரு கதவு திறந்தது. செருப்பில்லாத கால், அவசரமே இல்லாமல், ஹாலுக்குள் வந்து, நின்று, மறுபடி வருகிறது. "கொன்சி, உள்ள வரட்டா?" கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது, தள்ளினால் போதும், அவர்களுக்கும் அது தெரியும், நான் தாழ் இழுக்கிற சத்தம் இன்றைக்கு யாருக்கும் கேட்கவில்லை. "தாழ் போடலயே அக்கா" என்றேன். "தெரியும். சொல்லாம உள்ள வந்தா நீ பயந்துருவ. என்னப் பாத்து நீ பயப்படுதது எனக்குத் தெரியும் பிள்ள." இதைக் கேட்டதும் எனக்கு முகமெல்லாம் சுட்டது. அப்புறம் அத்தானின் குரல், மீன் காட்டும்போது இருக்கிற அதே குரல், ஒரு நூல்கூட உயரவில்லை. "இங்கயா வந்து கெடக்க. எந்திரி." அப்புறம் ஒரு சத்தம். இது தேய்க்கிற சத்தமில்லை. ஈரத் துணியைக் கல்லில் ஒரே ஒரு தடவை அடித்த மாதிரி. அக்காவின் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. இதுதான் நாலு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்காத சண்டை. நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது, கதவை என் பக்கம் இழுத்தேன், அது என் பக்கம்தான் திறக்கும், அக்கா முட்டுக்காலோடு உள்ளே வந்து விழுந்தார்கள், நைட்டியின் தோள் கிழிந்து, கழுத்தில் சங்கிலி இருக்கிற இடத்தில் சங்கிலி இல்லை, ஒரு சிவந்த கோடு. விழுந்ததும் முதலில் பார்த்தது பிள்ளையை. என் கால் தானாக நகர்ந்து இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றது, இந்த நிமிஷத்திலும். அவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள், பிள்ளையைப் பார்க்காமல் இருப்பதற்காக.

கதவை மூடிவிட்டேன், ஆனால் தாழ்ப்பாள் ஏறவில்லை. நிலைக்கும் கதவுக்கும் இன்னும் ஒட்டவில்லை, துவாரத்துக்குப் பக்கத்தில் வந்து பித்தளை மரத்தில் முட்டி முட்டி நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து அவர் தள்ளவில்லை. கை வைத்திருக்கிறார் என்று மட்டும் தெரிகிறது, கதவின் கனம் கூடியிருக்கிறது. "கொன்சி" என்றார். "கதவ விடு பிள்ள. உங்கக்காவுக்குப் புத்தி சரியில்ல. உனக்குத்தான் தெரியுமே, பிள்ளை மேல அவ கண்ணு எப்படி இருக்குன்னு. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நல்லவேள நீயே கூப்பிட்ட. அவள வெளிய விட்டுட்டு நீ பிள்ளையப் பாரு." ஒவ்வொன்றும் நான் நினைத்தது. கொஞ்சம் முன்னால் வரைக்கும் இந்தப் பாயில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் நான் நினைத்தது, யாரிடமும் சொல்லாதது, அதை அவர் குரலில், இவ்வளவு இதமாக, மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும்போது என் எச்சில் எனக்கே கசந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் இதை, பெர்க்மான்ஸிடம் தூக்கம் வராமல் நடப்பவள் என்று, கோயிலில் பல் வலி என்று, என்னிடம் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். "நீயும் பிள்ளை பெத்ததுல இருந்து பயந்து பயந்து கெடக்க" என்றார், "தம்பி சொன்னான். நாளைக்கு எதையாவது பாத்தேன் கேட்டேன்னு சொன்னா அவன் என்ன நினைப்பான், சொல்லு." அது உண்மை, பெர்க்மான்ஸ் என் நெற்றியில் கை வைப்பார். அனெட் விழித்துவிட்டாள், அழவில்லை, இருட்டில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். நான் முதுகைக் கதவில் கொடுத்து அழுத்திக்கொண்டு கையைப் பின்னால் விட்டுத் தாழ்ப்பாளைத் தேடுகிறேன், பிடி வழுக்குகிறது, எப்படி இதைச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாழ்ப்பாள் ரூமுக்குள் வேண்டும் என்று அக்கா எதற்குக் கேட்டார்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. "அக்கா" என்றேன், "இங்க வாங்க, தோளக் குடுங்க." அவர்கள் உடனே வரவில்லை, பிள்ளையை ஒரு தடவை பார்த்து, என்னைப் பார்த்து, இருக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி. பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் தோளை வைத்தார்கள். அவர்கள் உடம்பு நடுங்குவது மரம் வழியாக என் முதுகுக்கு வந்தது, பவுடர் வாசனை, வியர்வை. இன்னும் எனக்குச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை, இந்த ரூமுக்குள் யாரை வைத்துக்கொண்டு யாரை வெளியே விடுகிறேன் என்று என் ஒரு பாதி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அது கேட்கட்டும். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தியதில் கதவு நிலையோடு ஒரு நெல்லளவு நெருங்கியது. நான் திரும்பி நின்று இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து இழுத்தேன். இரும்பை உரசுகிற மாதிரி ஒரு கீச்சு, ஒரு தடை, பிறகு தடை விலகி, பித்தளை மரத்துக்குள் அடி வரைக்கும் இறங்கியது.